நடுவழி இல்லாத கோயில்

மகள்,

வருகிற செவ்வாய்க்கிழமை நகரசபை மண்டபத்தில் நீ எழுந்து உன் நிறுவனத்தின் சார்பில் பேசும்போது, எதிர்ப்புத் தெரிவித்தவர்களுக்கான கதிரைகளில் ஒன்றில் நான் இருப்பேன். அதை நீ அங்கே வந்து முதன்முதலாகக் காணக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். மெல்பேர்ணின் டார்னெய்ட்டில் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறோம், உன் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் நேரில் பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ ஆங்கிலத்துக்கு மாறுவாய், அம்மா இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுவாள், கதை அத்தோடு முடிந்துவிடும். எழுதினால் கடைசிவரை வாசிப்பாய், உன்னை எனக்குத் தெரியும். நீ வாசித்த பிறகு இதை எங்கள் சங்கத்தின் இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். இது உனக்கும் எனக்கும் இடையிலான விஷயம் மட்டும் அல்ல.

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பழைய கம்பளிக் கிட்டங்கிகள் இருந்த தெருவில், ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறிய புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள் கட்டிய கோயில் ஒன்று பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. வீடு கட்டி விற்கும் கம்பனி ஒன்று அதை வாங்கியிருக்கிறது. முன்சுவரையும் கோபுரத்தையும் விட்டுவிட்டு, பின்னால் உள்ள எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, அந்த இடத்தில் கார்த் தரிப்பிடத்தோடு அடுக்குமாடி எழுப்புவது அவர்களின் திட்டம். முகத்தை வைத்துக்கொண்டு குடலை உருவுகிற வேலை. அந்தக் கட்டடத்தில் எது காப்பாற்றத் தகுந்தது, எது இல்லை என்று நகரசபைக்கு அறிக்கை எழுதும் பொறுப்பு உன் நிறுவனத்துக்கு வந்தது. நிறுவனம் அதை உன்னிடம் தந்தது. உன் பெயர் போட்டு வெளிவரும் முதல் அறிக்கை அது. அந்தச் சந்தோசத்தில் நீ அன்றைக்கு இடியப்பத்தை ஆறவிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாய்.

"வெளிப்பக்கம் சூப்பர், அப்பா. ஸ்டோன் வேர்க் எல்லாம் அப்பிடியே இருக்கு. உள்ளுக்குத்தான் ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையெண்டா?"

"பிளேன். ஒரு சிலை இல்லை, பெயின்ரிங் இல்லை. சனம் இருக்கிற நீள வாங்குகள் மட்டும்தான் ஒறிஜினல், அதையும் ஆரோ நடுவால வெட்டிப் போட்டாங்கள். வெட்டினதும் வடிவா வெட்டேல்லை. இன்டெக்ரிட்டி போயிட்டுது, முழுசாப் பழசில்லை."

"ஆர் வெட்டினதெண்டு போட்டிருக்கிறாய்?"

"தெரியேல்லை. பிஃப்டீஸ் சிக்ஸ்டீஸ்ல எண்டு போட்டிருக்கிறன். ஆரும் கேக்கமாட்டினம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொதியைப் பார்த்தேன். அந்த வாங்குகள் வெட்டப்பட்டபோது உனக்கு ஏழு வயது, வெட்டியதை நீ பார்க்கவில்லை. மரம் அறுக்கும் வாளைப் பிடித்தது எங்கள் ஊர் மரியதாஸ் அண்ணை. வாங்கு ஆடாமல் இருப்பதற்காக அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது நான். வடிவாக வெட்டவில்லை என்று நீ சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தமும் உண்டு.

பிறகு நீ அறிக்கையை வாசிக்கத் தந்தாய். கல்லைப் பற்றி நீ எழுதியிருக்கும் பக்கங்களை நான் இரண்டுமுறை வாசித்தேன். கருநீலக் கல்லை எப்படிக் கொத்தினார்கள், மூலைகளில் ஏன் வெளிர்நிறக் கல்லை வைத்தார்கள், மழைநீர் சுவரில் வழியாமல் சொட்டுவதற்கு ஜன்னலின் மேலே எப்படி ஒரு புருவம் விட்டார்கள் என்றெல்லாம் நீ எழுதியிருந்ததை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வரி வந்தது. பிற்காலத்தில் கட்டடம் பல்வேறு குழுக்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது என்று. அந்தப் பல்வேறு குழுக்கள் யார், மகள்? உன் அம்மா. நான். மன்னாரிலிருந்து வந்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அங்கே தமிழ்ப் பூசை கண்ட அத்தனை கத்தோலிக்கக் குடும்பங்களும். வெள்ளைச் சட்டையோடு உன் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய நீயும். ஸ்கொட்லாந்துக்காரன் செய்தது உன் அறிக்கையில் வரலாறு. நாங்கள் செய்தது சேதம்.

இதில் உன்னை மட்டும் ஏசமாட்டேன். அந்தக் கோயிலுக்குள் உன்னைக் கூட்டிக்கொண்டு போன ஒவ்வொரு கிழமையும் வாசலில் வைத்து நான் சொன்னது ஒன்றுதான்: "இது எங்கட இடமில்லை, ஒண்டையும் தொடாதை, சத்தம் போடாதை." சொந்த ஊரில் இராணுவத்துக்கு அடையாள அட்டை காட்டி வளர்ந்தவன் வேறு என்ன சொல்வான். நீ கெட்டிக்காரப் பிள்ளை, நான் சொன்னதை நன்றாகப் படித்துக்கொண்டாய். ஆகவே நான் அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று நீ எழுதிய அந்தக் கோயிலுக்குள் என்ன இருக்கிறது என்று.

முதல்முறை உள்ளே போனபோது நாங்களும் உன்னைப் போலத்தான் நினைத்தோம். பீடம் இல்லை, சுரூபம் இல்லை, சிலுவைப்பாதைப் படங்கள் இல்லை, முழங்காலில் நிற்கப் பலகை இல்லை. வெள்ளைச் சுவர். நிறமில்லாத கண்ணாடி. ஒரேயொரு நிறக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதில் ஒரு செடி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. "நரகத்தைக் கீறி வச்சிருக்கிறாங்கள், இதுக்குள்ள எப்பிடிப் பூசை வைக்கிறது," என்றாள் அம்மா. அது வேதாகமத்தில் மோயீசன் கண்ட முட்செடி, எரிந்தும் கருகாதது, அதுதான் அவர்களின் சின்னம் என்று பிறகுதான் தெரிந்தது. பீடம் இருக்கவேண்டிய நடு இடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குப் பிரசங்கமேடை நின்றது. அதற்கு ஏறப் படிகள், அதன் தலைக்கு மேலே குடையை விரித்தது போல ஒரு மரக்கூரை. மேடைக்குக் கீழே சாதாரண மேசை ஒன்று. வேறு எதுவும் இல்லை. வாங்குகள் கதவடியிலிருந்து மேடைவரைக்கும் ஒரே கூட்டமாக நடுவை நிரப்பிக்கொண்டிருந்தன. நடந்து போக இரண்டு பக்கமும் சுவரோரமாக வழி. நடுவில் வழியே கிடையாது.

எங்கள் ஆட்கள் முதலில் செய்த வேலை ஒலிபெருக்கி கட்டியது. ஒலிபெருக்கி இல்லாமல் எங்களுக்குப் பூசை ஏது. இரண்டு பெரிய பெட்டிகளை மேல்மாடத்தில் ஏற்றிக் கட்டினோம். அன்றைய பிரசங்கத்தில் சுவாமியார் சொன்ன ஒரு சொல்லும் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் சுவரில் அடித்துத் திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் ஏறி விழுந்தது. இரண்டாம் கிழமையும் அதே கதை. மூன்றாம் கிழமை ஏதோ வயர் எரிந்துபோக, சுவாமியார் சலிப்போடு அந்த மேடையில் ஏறி நின்று வெறும் வாயால் பேசினார். மேல்மாடத்தின் கடைசி வரிசையில் இருந்த எனக்கு அவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அன்றைக்குத்தான் நான் நிமிர்ந்து அந்த மரக்குடையைப் பார்த்தேன். குரல் மேலே போய்த் தொலையாமல் சனத்தை நோக்கி வளைத்து அனுப்புவதற்காக வைத்திருக்கிறார்கள். நிலம் கதவடியில் உயரமாகத் தொடங்கி மேடையை நோக்கிச் சரிகிறது, முன்னால் இருப்பவரின் தலை பின்னால் இருப்பவருக்கு மறைக்கக்கூடாது என்று. நிலத்தின் சரிவு, மேல்மாடத்தைத் தாங்கும் ஒல்லியான இரும்புத் தூண்கள், நிறமில்லாத கண்ணாடி வழியாக மடியில் திறந்திருக்கும் வேதாகமத்தின்மேல் விழுகிற வெளிச்சம் எல்லாமே ஒரே நோக்கத்துக்குத்தான். ஒரு மனிதன் சொல்வது கடைசி வரிசையில் இருப்பவளுக்கும் கேட்கவேண்டும், கேட்டு விளங்கவேண்டும், விளங்கி அது சரியா பிழையா என்று அவள் வேதத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். நீ அதை வெறுமை என்று எழுதியிருக்கிறாய். காதுக்காகக் கட்டிய கட்டடத்தைக் கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறாய்.

அவர்கள் ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் ஒரு காலத்தில் ஓர் ஊர்க் கோயிலுக்கு யார் போதகராக வருவது என்று அந்த ஊர் நிலச்சுவான்தார்தான் முடிவு செய்தார். சனம் சபையாகக் கூடி, எங்களுக்கு யார் போதிப்பது என்று நாங்கள்தான் தெரிவுசெய்வோம் என்றது. வழக்குப் போனது, தோற்றார்கள். ஒருநாள் நூற்றுக்கணக்கான போதகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். கோயில் போனது, வீடு போனது, சம்பளம் போனது. கோயில் கட்ட நிலம் தரமாட்டோம் என்று சில பிரபுக்கள் மறுத்தபோது கடற்கரையிலும் மழையிலும் நின்று ஆராதனை செய்தார்கள். அந்தச் சண்டையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள்தான் இங்கே இந்தக் கல்லை அடுக்கினார்கள். இராப்போசனத்தைக்கூட முழங்காலில் நின்று வாங்கமாட்டார்களாம். நீண்ட மேசையில் துணி விரித்து, வீட்டில் சாப்பிட இருப்பதுபோல எல்லாரும் சேர்ந்து இருப்பார்களாம். இதை வாசித்த நாளில் எனக்கு அந்தச் சனத்தின்மேல் பெரிய மரியாதை வந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மரியாதை இருக்கிறது என்பதற்காக நான் வாயை மூடிக்கொள்ளமாட்டேன். அதே சனத்தில் பலர் செம்மறி மேய்ச்சலுக்காகத் தங்கள் காணியிலிருந்து துரத்தப்பட்டவர்கள். இங்கே வந்து அவர்களில் சிலர் அதே செம்மறிகளை விட்டு இந்த மண்ணின் ஆதிக்குடிச் சனத்தைத் துரத்தினார்கள். அத்திவாரக் கல்லில் கல்லை வைத்த கனவானின் பெயர் இருக்கிறது, கொத்தியவனின் பெயர் இல்லை, யாருடைய நிலம் என்பதும் இல்லை. டார்னெய்ட்டில் வீடு வாங்கிய நானும் அதைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாங்குகளின் ஓரத்தில் சின்னச் சின்ன எண்கள் பார்த்திருப்பாய். அவை வாடகை இடங்கள். முன்வரிசை கம்பளி வியாபாரிக்கு, பின்வரிசை கல்லுடைப்பவனுக்கு, மேல்மாடம் வீட்டு வேலைக்கு வந்த பெட்டைகளுக்கு. நிலச்சுவான்தாரை எதிர்த்து வெளியே நடந்தவர்கள் கதிரைக்கு எண் போட்டார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் எண் தேவைப்படவில்லை. யார் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

மரியதாஸ் அண்ணை சம்மாட்டி வீட்டுப் பிள்ளை. படகும் வலையும் சொந்தமாக வைத்திருந்த, சாதியிலும் எங்களுக்கு மேல் என்று இருந்த குடும்பம். என் அப்பா அவர்களின் வலையை இழுத்தவர். ஊர்க் கோயிலில் அவர்கள் வலப்பக்கம் முன்னுக்கு, நாங்கள் இடப்பக்கம் பின்னுக்கு. அப்படிப்பட்ட நாங்கள் இந்த ஸ்கொட்லாந்துக் கோயிலுக்குள் வந்த முதல் ஞாயிறு என்ன நடந்தது தெரியுமா? எல்லாரும் வாசலில் நின்று முழித்தோம். நடுவில் வழி இல்லை, ஆகவே வலமும் இல்லை, இடமும் இல்லை. ஒரே நீள வாங்கு, வந்த ஒழுங்கில் தள்ளித் தள்ளி இருக்கவேண்டியதுதான். உன் அம்மா சம்மாட்டி வீட்டு அக்காவின் தோளோடு தோள் இடிபட இருந்தாள். கார் நிறுத்த இடம் தேடித் திரிந்த மரியதாஸ் அண்ணை பிந்தி வந்து, கீழே இடமில்லாமல் மேல்மாடத்துக்கு ஏறிப்போய் இருந்தார். அது வேலைக்காரப் பெட்டைகளின் இடம் என்று நான் பிறகு அறிந்தேன், வேலையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வந்தது. தனியாகச் சிரித்தேன், கண்ணாடியில் பார்த்த பயணி ஒருவர் பயந்துபோனார். இரண்டு வருடம் அப்படி இருந்தோம். ஒரு சுவாமியாரின் பிரசங்கமும் செய்யாத வேலையை வாங்குகளின் ஒழுங்கு செய்தது.

பிறகு மாதா திருநாள் வந்தது. அலங்காரக் கூடு கட்டி, அதில் மாதாவின் சுரூபத்தை வைத்து வாசலிலிருந்து நடுவால் கொண்டுவர வேண்டும் என்றார் மரியதாஸ் அண்ணை. சுவரோர வழியால் கூடு போகாது. அந்தக் கோயிலின் பழைய சபையில் அப்போது எஞ்சியிருந்தது ஒரு கைப்பிடி ஆட்கள். சபையை நடத்தும் மூப்பராக அவர்களுக்கு இருந்தவர் ஜீன் அன்ரி, நீ அவரின் கைத்தடியை வைத்து விளையாடுவாய். எங்கள் ஆட்களுக்கு முதலில் அதுவே அதிசயம். "பொம்பிளை மூப்பரோ?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். வாங்குகளை நடுவில் விலக்கலாமா என்று மரியதாஸ் அண்ணை அவரிடம் தொலைபேசியில் கேட்க, நான் தனியாகச் சொல்லமுடியாது, சபை கூடித்தான் சொல்லவேண்டும் என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் நேராக மறுக்காவிட்டால் அது சம்மதம். கூட்டம் என்பது சும்மா ஒரு மரியாதைக்கு. கூட்டம் கூடி முடிவெடுக்கும் உரிமைக்காகத்தான் அவரின் முன்னோர் வீடுவாசலை விட்டுவிட்டு நடந்தார்கள் என்பது எங்களுக்கு யார் சொன்னது. சனிக்கிழமை காலை வாளோடு போனோம்.

பாதி வாங்குகள் வெட்டுப்பட்ட நேரத்தில் பக்கக் கதவால் ஜீன் அன்ரி வந்தார். நான் சட்டென்று வாங்கிலிருந்து இறங்கினேன்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மாதாவுக்கு வழி எடுக்கிறோம், மேடம். வாற கிழமை திருநாள்," என்றார் மரியதாஸ் அண்ணை.

ஜீன் அன்ரி மரத்தூளைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கள் மாதா எவ்வளவு அகலம்?"

மரியதாஸ் அண்ணை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"அப்படியானால் அதற்குமேல் ஒரு அங்குலமும் வெட்டக்கூடாது," என்று சொல்லிவிட்டு, வெட்டாத ஒரு வாங்கில் போய் இருந்தார். கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை எழும்பவில்லை. நானும் மறுபடி என் வாங்கில் ஏறி இருந்தேன்.

"அண்ணை, மனிசி ஏசினாலும் பரவாயில்லை. இப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கிறதுதான் ஏலாமல் கிடக்கு," என்றேன் மெதுவாக.

"நீ பேசாமல் இரு."

"நான் இருக்கத்தானே வந்தனான். வெட்டுறது நீங்கள்."

ஊரில் அவர்களின் வலைக்கு என் அப்பா கையாக இருந்தார், இங்கே அவர்களின் வாளுக்கு நான் பாரமாக இருந்தேன். அந்த நினைப்பு அன்றைக்கே வந்தது. இருந்தும் நான் எழும்பவில்லை. மாதா வரவேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

முடிந்ததும் ஜீன் அன்ரி வெட்டிய ஓரங்களைக் கையால் தடவிப் பார்த்தார். "எங்கள் சபை பல தடவை உடைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வெளியே போகத்தான் உடைத்தார்கள். உள்ளே வருவதற்காக உடைத்தது நீங்கள்தான்," என்றார். பிறகு, "யார் வார்னிஷ் பூசப்போவது?" என்று கேட்டார். நான்தான் பூசினேன். நிறம் பொருந்தவில்லை. உன் அறிக்கையில் சொல்லப்பட்ட தரமற்ற வேலை அதுதான்.

திருநாளன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். கூட்டைத் தோளில் தூக்காமல், கிட்டங்கியில் பெட்டி தள்ளுகிற சக்கர வண்டியில் ஏற்றினோம். விளக்குகளுக்கான பற்றரியின் பாரம் அப்படி. வழியை வெட்டிய எங்களில் ஒருவருக்கும் நிலம் சரிவு என்பது நினைவில் இல்லை. கதவைத் தாண்டியதும் மாதா தானாகவே ஓடத் தொடங்கினார். நீ பூக்கூடையோடு முன்னால். "பிள்ளையை இழுங்கோ, பிள்ளையை இழுங்கோ," என்று அம்மா கத்த, நீ அது ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துச் சிரித்து ஓடினாய். மேசையில் போய் இடித்துத்தான் வண்டி நின்றது. மாதாவின் கிரீடம் சரிந்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை. முன்வரிசையில் விருந்தாளியாக இருந்த ஜீன் அன்ரி, "எங்கள் போதகர்களில் ஒருவரும் இவ்வளவு வேகமாக மேடைக்குப் போனதில்லை," என்றார். அந்தச் சரிவைத்தான் நீ பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாத நிலம் என்று எழுதியிருக்கிறாய். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். வழி வந்ததும் பக்கங்கள் வந்தன. முதலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிறகு கலியாணங்களில் மாப்பிள்ளை வீடு ஒரு பக்கம், பெண் வீடு ஒரு பக்கம். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே சம்மாட்டிக் குடும்பங்கள் வலப்பக்கம் முன்னுக்குச் சேர்ந்தன, நாங்கள் இடப்பக்கம் பின்னுக்கு வந்தோம். அடுத்த திருநாள் வருவதற்குள் மன்னார்க் கோயில் அப்படியே மெல்பேர்ணில் எழும்பி நின்றது. ஒருநாள் நீ உன் சிநேகிதியோடு இருக்க வலப்பக்கம் ஓடினாய். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் அங்க இருக்கேலாது?"

"அங்க இடமில்லை."

"இடம் இருக்குது, அம்மா. பாருங்கோ."

இடம் இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எங்கள் சனம் பெருகி, வாகனத் தரிப்பிடம் உள்ள பெரிய கோயில் ஒன்றுக்கு மாறினோம். ஜீன் அன்ரியின் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாகக் கதவைப் பூட்டியவர் அவர்தான். இப்போது அவரும் இல்லை.

ஆகவே, மகள், நாங்கள் வெட்டிய வெட்டு சேதம் இல்லை என்று நான் மண்டபத்தில் சொல்லப்போவதில்லை. அது சேதம்தான். ஆனால் நீ எழுதிய சேதம் அல்ல. வாங்குக்கு நேர்ந்தது ஒரு வார்னிஷ் பிழை. எங்களுக்கு நேர்ந்தது வேறு. அந்தக் கட்டடம் எங்களை ஒரே வாங்கில் இருத்திப் பார்த்தது, நாங்கள் வாள் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்துக்கே திரும்பினோம். இந்த நாட்டில் எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்கள் பொங்கலையும் பரதநாட்டியத்தையும் படம் பிடிப்பார்கள். சாதியை நாங்கள் விமானத்தில் ஏற்றி வந்தோம் என்பதற்கு எங்கேயாவது ஒரு சாட்சி இருக்கிறதா? இருக்கிறது. வரிசை வரிசையாக, நிறம் பொருந்தாத வார்னிஷோடு நிற்கிறது. எண் போட்ட ஸ்கொட்லாந்துக்காரனின் சாட்சியும் அதே பலகையில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிற இடம் இந்த நகரத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் அந்தக் கம்பனி குப்பை லொறியில் ஏற்றப்போகிறது. ஒரு கூட்டத்தார் ஓர் இடத்தில் வாழ்ந்து பழகியதால் வருகிற மதிப்பையும் உங்கள் துறையில் கணக்கில் எடுப்பார்கள் என்று படிக்கிற காலத்தில் நீதான் எனக்குச் சொன்னாய். அந்தப் பகுதியை உன் அறிக்கையில் தேடினேன். வெறும் ஒரு பத்தி.

நான் வீடு கட்டவேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. விடியற்காலை முதல் பஸ்ஸை எடுக்கும்போது ஸ்டேஷன் வாசலில் படுத்திருப்பவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். அந்த அடுக்குமாடியில் அவர்களில் ஒருவருக்காவது ஓர் அறை உண்டா என்று உன் முதலாளியிடம் கேள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வெறும் காணியில் உயரமாகக் கட்டட்டும், நான் கைதட்டுகிறேன். குரல் இவ்வளவு அழகாகப் போய்ச்சேருகிற ஒரு மண்டபத்தைக் கார் நிறுத்தக் குடையவேண்டிய தேவை என்ன? சங்கக் கூட்டம் நடத்தலாம், பாட்டுப் படிக்கலாம், நகரசபையே அங்கே கூடிச் சண்டை பிடிக்கலாம். அதற்கென்றே கட்டியது.

அம்மா பயப்படுகிறாள். உன் வேலைக்கு ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று கேட்கிறாள். எனக்கும் பயம் இருக்கிறது. உன் படிப்புக்காக நாங்கள் என்ன பட்டோம் என்பது உனக்குத் தெரியும், அதைச் சொல்லி உன்னை மடக்க விரும்பவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு முன்னர், பல்வேறு குழுக்கள் என்று எழுதியதும் வெட்டிய காலமும் ஆகிய இரண்டு இடங்களையும் நீயே திருத்தினால் உன் மேலதிகாரிக்குக் கோபம் வரும். திருத்தாவிட்டால், ஐம்பது அறுபதுகளில் வெட்டியது என்று நீ சொன்ன வெட்டை நானே வெட்டினேன் என்று உனக்குப் பிறகு எழுந்து சொல்வேன், உனக்கு வெட்கமாக இருக்கும். இரண்டும் சுகமான வழி இல்லை. எது என்று நீதான் தெரிவுசெய்யவேண்டும், எனக்காக என்று செய்யாதே. கோயில் கதவின் திறப்பு உன்னிடம்தானே இருக்கிறது. ஒருமுறை தனியாகப் போ. மேல்மாடத்தின் கடைசி வாங்கில் இரு. யாரையாவது கூட்டிக்கொண்டு போய், மேடையில் ஏற்றி, சாதாரணமாகப் பேசச் சொல். பிறகு எழுது.

நீ திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் நான் வருவேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இந்த நாட்டுப் படிவத்தில் உன் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் என்று நிற்பது என் பெயர். ஆகவே மண்டபத்தில் உன்னை அழைக்கும்போது என் பெயரும் சேர்ந்துதான் கேட்கும். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எதிர்ப்பாளர் என்று என்னை அழைப்பார்கள். அப்போது சிலர் திரும்பிப் பார்ப்பார்கள், உன் மேலதிகாரியும் பார்ப்பார். நீ குனியாதே. இவர் என் அப்பா என்று சொல். சொல்லிவிட்டு, மற்ற எதிர்ப்பாளரிடம் கேட்பதைப் போலவே என்னிடமும் கேள்வி கேள், வடிவாகக் கேள், நான் பதில் சொல்கிறேன்.

அப்பா